டயருக்கு 18 சுற்று, ஓட்டுநருக்கு?

கத்தாரின் லுசைல் ஓடுதளத்தில் 2023 அக்டோபர் 8 இரவு நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தை யார் ஜெயித்தார் என்று கேட்டால் பலருக்கும் சட்டென்று நினைவு வராது. வெர்ஸ்டாப்பன்தான், அந்த ஆண்டின் 22 பந்தயங்களில் 19-ஐ அவரே ஜெயித்தார். மறக்காமல் நிற்பது வேறு. இரண்டாவதாக வந்த ஆஸ்கர் பியாஸ்திரி, மேடையேறும் முன் இளைப்பாறும் அறையில் தரையிலேயே படுத்துவிட்டார். எஸ்தபான் ஓகான் 15, 16-ஆம் சுற்றுகளில் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தியெடுத்து, அப்படியே மீதி 40 சுற்றையும் ஓட்டி ஏழாவதாக வந்தார். அலெக்ஸ் அல்பானை வெப்பத் தாக்கத்துக்காக மருத்துவ மையத்துக்கு அழைத்துப் போனார்கள். லோகன் சார்ஜன்ட் நீர்ச்சத்து இழந்து, 40 சுற்றுகளோடு காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். வேகமான வளைவுகளில் கண் மங்கி, நினைவு தப்பித் தப்பி வந்ததாக லான்ஸ் ஸ்ட்ரோல் சொன்னார்.

அதற்கடுத்த நாட்களில் ஒரு பேச்சு கிளம்பியது. இந்தக் காலத்து ஓட்டுநர்கள் சொகுசாகிவிட்டார்கள், பவர் ஸ்டீயரிங் வந்த பிறகு உடம்பு வளையவில்லை, இன்னும் நன்றாகப் பயிற்சி செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று. கார் பந்தயத்தை உட்கார்ந்த இடத்தில் நடக்கும் விளையாட்டாக நினைப்பவர்கள் சொல்லியிருந்தால் விட்டுவிடலாம். பல வருஷம் பந்தயம் பார்த்தவர்களும் இதையே சொன்னதுதான் உறுத்துகிறது. அதே ஸ்ட்ரோல், அதே ஆண்டு மார்ச் 5 அன்று பஹ்ரைனில் என்ன செய்தார்? சைக்கிள் பயிற்சியில் விழுந்து இரண்டு மணிக்கட்டிலும் காயம், வலது மணிக்கட்டில் அறுவைசிகிச்சை. அது முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாமல் 57 சுற்றையும் ஓட்டி ஆறாவதாக வந்தார். வலியைத் தாங்கத் தெரியாதவர் என்று அந்த மனிதரைச் சொல்ல முடியாது. அப்படியானால் லுசைலில் தோற்றுப்போனது எது?

விடை டயரில் இருக்கிறது. லுசைலின் கூம்பு வடிவ ஓரக்கட்டைகள் மேல் அதிவேகத்தில் ஏறி இறங்கியதில், டயரின் பக்கச் சுவருக்குள் ரப்பரும் உள் இழைகளும் பிரியத் தொடங்கியிருப்பதை வெள்ளிக்கிழமை ஓட்டத்துக்குப் பிறகு டயர் தயாரிக்கும் பிரெல்லி நிறுவனம் கண்டுபிடித்தது. உடனே பந்தயங்களின் உலக நிர்வாக அமைப்பான எஃப்ஐஏ ஒரு வரம்பு வைத்தது: எந்த டயர் செட்டும் மொத்தம் 18 சுற்றுக்கு மேல் ஓடக்கூடாது. 57 சுற்றுப் பந்தயத்துக்கு அதனால் டயர் மாற்ற நிற்கும் பிட் ஸ்டாப் குறைந்தது மூன்று கட்டாயமானது. டயர் வெடித்து யாரும் சாகக்கூடாது என்பதற்காக எடுத்த முடிவு, சரியான முடிவு. ஆனால் வழக்கமான பந்தயத்தில் ஓட்டுநர் முழு வேகத்தில் போவதே இல்லை என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. டயர் தேயாமல் பார்த்துக்கொள்வார், எரிபொருளை மிச்சம் பிடிப்பார், பிரேக் இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் காரை உருள விடுவார். டயருக்காகச் செய்யும் இந்த நிதானத்தில்தான் உடம்பும் மூச்சு வாங்கிக்கொள்கிறது. எப்படியும் 18 சுற்றில் டயரை மாற்றியாக வேண்டும் என்றானதும் நிதானத்துக்கு அவசியமே இல்லாமல் போனது. தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச்சுற்றின் வேகத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓட்டினார்கள்.

கழுத்தும் காலும்

பந்தய ஓட்டுநரின் உடற்பயிற்சி என்றதும் எல்லோரும் காட்டுவது கழுத்தைத்தான். காட்டுவதில் நியாயம் உண்டு. மனிதத் தலை சுமார் 5 கிலோ, ஹெல்மெட் ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வளைவில் 5 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல ஐந்து மடங்கு விசை வரும்போது இந்த ஆறரை கிலோ, முப்பது கிலோவுக்கு மேல் கனத்துப் பக்கவாட்டில் இழுக்கிறது. லுசைலின் 12, 13, 14-ஆம் வளைவுகள் மூன்றும் அடுத்தடுத்து வலப்பக்கம் திரும்புபவை. கிட்டத்தட்ட ஒரே நீண்ட வளைவு போல. ஒரு மூட்டைச் சிமெண்டில் பாதிக்கு மேல் காதோரம் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, கண் மட்டம் சாயாமல் அடுத்த வளைவின் உள்முனையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஓடுதளங்கள் கடிகாரச் சுற்றில் ஓடுவதால் தலையை வலப்பக்கம் பிடித்து நிறுத்தும் தசைகள் பழகிவிடுகின்றன. சிங்கப்பூர், பிரேசிலின் இன்டர்லாகோஸ் போன்ற எதிர்ச்சுற்று ஓடுதளங்களுக்குப் போனால் மறுபக்கம் பழகவில்லை என்பது அன்றைக்குத் தெரியும்.

கழுத்துப் பயிற்சியில் தவறு நடப்பது அவசரத்தால். முதலில் அசைவில்லாத பயிற்சி: ரப்பர் பட்டையைத் தலையில் மாட்டி, அது இழுக்க இழுக்கத் தலை அசையாமல் பத்து விநாடி நிற்பது. முன், பின், வலம், இடம் என நான்கு திசையிலும், வாரத்துக்கு மூன்று நாள். சில வாரங்கள் இதில் நின்ற பிறகுதான் எடை. பெஞ்சில் பக்கவாட்டாகப் படுத்துத் தலை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்க, தலைப்பட்டையில் 2 கிலோ தொங்கவிட்டு ஆரம்பித்து, ஒரேயடியாக இல்லாமல் அரை அரைக் கிலோவாகக் கூட்ட வேண்டும். எடையை வெட்டி இழுத்தால் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளுக்குத்தான் கேடு. இன்னொரு தவறு, வளைவை மட்டும் நினைத்துப் பக்கத் தசைகளை வளர்த்துவிட்டு முன்பக்கத்தை மறப்பது. கடும் பிரேக்கிலும் தலை அதே அளவு விசையோடு முன்னால் பாய்கிறது. தொண்டைக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும் சிறு தசைகள் வலுவில்லாமல் தோள்பட்டைத் தசையே எல்லாவற்றையும் சுமந்தால், பந்தயத்துக்கு மறுநாள் தலைவலியும் கை மரத்துப்போவதும் வரும்.

கழுத்து சோர்ந்தால் என்ன ஆகும் என்பது வெளியிலிருந்தே தெரியும். தலை மெல்லச் சாய்ந்து, ஓட்டுநர் உட்காரும் காக்பிட்டின் ஓரத்துப் பஞ்சணையில் ஒட்டிக்கொள்ளும். ஓய்வு கிடைத்ததுபோல் இருக்கும், ஆனால் அதுவரை கழுத்துத் தசைகள் வடிகட்டிக்கொண்டிருந்த காரின் அதிர்வு இப்போது பஞ்சணை வழியாக நேரே மண்டைக்கு ஏறும். பார்வை நடுங்கும், பிரேக் அடிக்க வேண்டிய அடையாளப் பலகை இரண்டாகத் தெரியும். 2024 மார்ச்சில் சவூதியின் ஜெத்தாவில் 18 வயது ஆலிவர் பேர்மன், குடல்வால் அறுவைசிகிச்சைக்குப் போன கார்லோஸ் சைன்ஸுக்குப் பதிலாக ஃபெராரியில் திடீரென்று ஏறினார். தகுதிச்சுற்றுக்கு முன் ஒரே ஒரு பயிற்சி ஓட்டம். சுற்றுக்கு 27 வளைவு, பெரும்பாலும் அதிவேக வளைவுகள். ஏழாவதாக முடித்தார். ஒரு படி கீழே உள்ள ஃபார்முலா டூ காருக்குப் பழகிய கழுத்தோடு அதைச் செய்தார் என்பதுதான் அந்த ஏழாம் இடத்தின் அருமை.

காலைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பிரேக் பெடலை இடது காலால் 100 கிலோவுக்கு மேற்பட்ட விசையில் மிதிக்க வேண்டும். இத்தாலியின் மான்சாவில் 53 சுற்றுக்குள் இதை 300 முறைக்கு மேல் செய்தாக வேண்டும். மிதிப்பதைவிடக் கடினமானது விடுவது. அதிவேகத்தில் காற்று காரைத் தரையோடு அழுத்திப் பிடித்திருப்பதால் முதல் மிதி எவ்வளவு வலுவாக இருந்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. வேகம் குறையக் குறைய அந்த அழுத்தம் போய்விடும்; அதற்கு ஈடாகக் காலையும் துளித்துளியாகத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். சோர்ந்த கால் முதல் மிதியைச் சரியாகவே மிதிக்கும். இந்தத் தளர்த்தலில்தான் கரடுமுரடு வரும். முன்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொண்டு டயரில் தட்டையாக ஓர் இடம் தேயும், பிறகு அந்த அதிர்வோடுதான் அடுத்த பிட் ஸ்டாப் வரை. பார்வையாளர்கள் புகையைப் பார்த்து அவசரப்பட்டுவிட்டார் என்பார்கள். பல சமயம் காரணம் கெண்டைக்கால்.

மூச்சும் ஒரு கணக்கு. வேக வளைவில் வயிறும் நெஞ்சும் இறுகி மூச்சு தானாக அடைபடும்; மூச்சை இழுத்துவிட, வளைவில்லாத நேர்வழிதான் இடம். லுசைலில் சொல்லும்படியான நேர்வழி ஒன்றுதான், ஒரு கிலோமீட்டரும் சொச்சமும். மீதி நான்கு கிலோமீட்டரும் வளைவுகள்.

வியர்வை சொட்டினால் குளிராது

இத்தனையும் பயிற்சியால் வெல்லக்கூடியவை. வெப்பம் அப்படி இல்லை. அன்றிரவு காற்றின் வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதமும் அதிகம். காக்பிட்டுக்குள் 50 டிகிரி அளவுக்குப் போகும். முதுகுக்குப் பின்னால் எஞ்சின், சுற்றிலும் மின்னணுப் பெட்டிகளும் ஹைட்ராலிக் குழாய்களும். இருக்கை சுடுகிறது, அடுத்த பிட் ஸ்டாப்பில் மேலே தண்ணீர் ஊற்ற முடியுமா என்று ஃபெர்னாண்டோ அலான்ஸோ ரேடியோவில் கேட்டார். விதி இடம் தராது என்பதால் முடியாது என்று பதில் வந்தது.

உடம்பைக் குளிர்விப்பது வியர்வை அல்ல, வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் சொட்டினால் ஒன்றையும் எடுத்துப் போகாது, உடம்பு தண்ணீரை இழந்ததுதான் மிச்சம். பந்தய ஓட்டுநர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று பாருங்கள்: தீப்பிடிக்காத நீளமான உள்ளாடை, அதன்மேல் பல அடுக்கு உடை, முகமூடி, கையுறை, காலுறை, ஹெல்மெட். தீயிலிருந்து காக்கும் அதே துணி, ஆவியையும் வெளியே விடுவதில்லை. வெளிக் காற்றிலும் ஈரம் நிறைந்திருந்தால் துணியைத் தாண்டி வந்ததும் ஆவியாகாது. அதனால் வியர்வை ஊறி ஊறிக் காலணிக்குள் இறங்குகிறது, உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது. சூடான பந்தயத்தில் இரண்டு மூன்று கிலோ எடை குறைவது சாதாரணம். 70 கிலோ உள்ள ஒருவருக்கு 1.4 கிலோ, அதாவது இரண்டு சதவீதம் இழந்தாலே செயல்திறன் விழத் தொடங்கும்.

தண்ணீர் குறைந்தால் ரத்தத்தின் அளவும் குறைகிறது. தோலைக் குளிர்விக்க ரத்தம் வேண்டும், பிடித்து இறுகிய தசைகளுக்கும் வேண்டும், மூளைக்கும் வேண்டும். இருப்பதைப் பங்கிட இதயம் வேகம் கூட்டுகிறது; நிமிடத்துக்கு 150, 160 என்று ஓடிக்கொண்டிருந்தது இன்னும் ஏறுகிறது. அந்த நிலையில் வேக வளைவின் விசை ரத்தத்தை இழுக்கும்போது ஸ்ட்ரோலுக்குக் கண் மங்கியது. காரில் குடிநீர்ப் பை உண்டு, ஆனால் அதுவும் காக்பிட் வெப்பத்தில் வெந்நீராகிவிடும். கடைசி இருபது சுற்றில் அதைக் குடிக்க யாருக்கும் மனம் வராது.

பழக்கப்படுத்தினால் எவ்வளவு தூரம் போகலாம்? பத்து முதல் பதினான்கு நாள், தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வெப்பத்தில் உடற்பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் வெளியேறும் உப்பு குறையும். விட்டுவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் அத்தனையும் கரைந்துவிடும். காரில் ஏறுவதற்கு அரை மணி முன்பு, 70 கிலோ உள்ளவர் அரைக் கிலோ அளவுக்கு அரைத்த ஐஸ் கூழ் சாப்பிட்டால் உள்வெப்பம் கொஞ்சம் தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கும். இவையெல்லாம் அவசியம், ஆனால் இவை தருவது அவகாசம் மட்டுமே. வியர்வை அதிகம் சுரக்கப் பழகிய உடம்பு, ஆவியாக வழியில்லாத உடைக்குள் இன்னும் வேகமாகத் தண்ணீர் இழக்கும். சானா எனும் வெப்ப அறையில் உட்கார்ந்து பயிற்சி செய்பவரான ஜார்ஜ் ரஸ்ஸலே அன்று மயக்கத்தின் விளிம்புக்குப் போனதாகச் சொன்னார். பயிற்சி போதவில்லை என்ற பேச்சு இந்த இடத்தில் நிற்காமல் போகிறது.

மிச்சம் வைத்திருக்கும் மூளை

உடம்பை இவ்வளவு தயார் செய்வது எதற்காக? மூளையில் ஒரு பங்கை மிச்சம் வைக்கத்தான். காரை ஓட்டவே முழு மூளையும் போய்விட்டால் பந்தயம் ஓட்ட மூளை இருக்காது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்பின் பிரேக் பங்கீட்டை மாற்ற வேண்டும், பேட்டரியைப் பார்க்க வேண்டும், கண்ணாடியில் பின்னால் வருபவரைக் கவனிக்க வேண்டும், ரேடியோவில் பொறியாளர் சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். இத்தனையும் மணிக்கு 300 கிலோமீட்டரில். வெப்பம் முதலில் தின்பது இந்த மிச்சப் பங்கைத்தான். கை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஒரு சுற்று நேரம் நன்றாகக்கூட இருக்கும். ஆனால் ரேடியோவில் கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாக வரும், மாற்ற வேண்டிய பொத்தான் அடுத்த வளைவில் நினைவுக்கு வரும், பிரேக் அடிக்கும் இடம் சுற்றுக்குச் சுற்று முன்னும் பின்னும் அலையும். சராசரி வேகம் குறைவதற்கு முன்பே இந்த அலைச்சல் தரவுகளில் தெரியத் தொடங்கும். நல்ல பொறியாளர் பார்ப்பது அதைத்தான்.

இதற்கான பயிற்சி என்று காட்டப்படும், மின்னும் விளக்குகளைத் தட்டும் பலகை காணொளிகளில் பார்க்க நன்றாக இருக்கும். அதைக் குளிர்ந்த அறையில், ஓய்வெடுத்த உடம்போடு பழகுவதில் பெரிய பயன் இல்லை. சைக்கிளில் நாடித்துடிப்பை 150-க்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கொரு முறை ஒரு எண் வரிசையைத் தலைகீழாகச் சொல்ல வைப்பது, ஓடுதளத்தின் வளைவுகளை வரிசையாக கியர் எண்ணோடு சொல்ல வைப்பது, அதையே வெப்ப அறையில் செய்ய வைப்பது. இவைதான் காரில் நடப்பதற்கு நெருக்கமானவை.

இதோடு சேர்ந்த கடினமான மனவேலை ஒன்று உண்டு: நிறுத்துவது. சார்ஜன்ட்டுக்கு அந்த வாரம் ஏற்கெனவே காய்ச்சல் போல உடம்பு சரியில்லை. அடுத்த ஆண்டு இருக்கை கிடைக்குமா என்பதே தெரியாத நேரம். நிறுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அணியிலிருந்து ரேடியோவில் சொன்ன பிறகும் அவர் உடனே நிறுத்தவில்லை. கடைசியில் நிறுத்தினார். அன்று ஓட்டிமுடித்தவர்களுக்குக் கிடைத்த பாராட்டில் கொஞ்சமாவது அவருக்கும் சேர்ந்திருக்க வேண்டும். தன் கண் தன்னை ஏமாற்றுகிறது என்று தெரிந்து, பல கார்கள் ஓடும் இடத்திலிருந்து விலகுவதும் தகுதிதான்.

முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1982-இல் பிரேசிலில் நெல்சன் பிக்கே மேடையிலேயே மயங்கினார். 1984 ஜூலையில் டல்லாஸ் வெயிலில் நைஜல் மான்செல் நின்றுபோன காரைத் தள்ளிக்கொண்டே சுருண்டு விழுந்தார். அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் தன் முதல் புள்ளியை எடுத்த அயர்டன் சென்னா காரிலிருந்து இறங்கவே முடியாமல் துவண்டு கிடந்தார். அதன் பிறகு நூனோ கோப்ரா என்ற பயிற்சியாளரிடம் உடம்பை ஒப்படைத்து மாறியவர் அவர். அந்தக் காலத்தில் பயிற்சிக்கு இடம் இருந்தது, பலனும் இருந்தது. லுசைலில் படுத்துக் கிடந்தவர்கள் அந்தப் பயிற்சியையெல்லாம் முடித்தவர்கள்.

எஃப்ஐஏ இதைப் புரிந்துகொண்டது. 2024-இல் காக்பிட்டுக்குள் காற்று கொண்டுவரக் கூடுதல் திறப்புக்கு அனுமதி தந்தது. 2025 முதல், காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீடு 31 டிகிரியைத் தாண்டும் என்று முன்கணிப்பு வந்தால் வெப்ப அபாயம் அறிவிக்கப்படும். குளிர்திரவம் ஓடும் மெல்லிய குழாய்கள் பதித்த பனியனுக்கான அமைப்பைக் காரில் பொருத்தியாக வேண்டும். முதல் அறிவிப்பு அந்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தது. அணிய விரும்பாதவர் ஈடாக எடையைச் சுமக்கலாம் என்று விட்டிருந்தார்கள். பெல்ட்டுக்கு அடியில் குழாய் குத்துகிறது, பாதியில் திரவம் சூடேறினால் நிலைமை இன்னும் மோசம் என்ற புகார்களில் உண்மை உண்டு. அதற்குச் செய்ய வேண்டியது குழாயைச் சரிசெய்வது. வெப்பத்தைச் சகிப்பதை ஆண்மையின் அளவுகோலாக்கிப் பனியனை ஒதுக்குவது எந்த விதத்திலும் சரியில்லை.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் கார்ட், ஃபார்முலா ஃபோர் என்று தொடக்கநிலைப் பந்தயக் கார்களை ஓட்ட வரும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இதில் நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது. சென்னையின் புழுக்கம் லுசைலின் புழுக்கத்துக்குச் சளைத்ததல்ல. ஹெல்மெட்டுக்கும் உடைக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிற இடத்தில் ஒரு எடை இயந்திரமும் வையுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் வேண்டாம். ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் ஒரு கிராம் சோடியம், அதாவது அரை டீஸ்பூன் உப்பு போகிறது. உப்பு போட்ட மோர் எந்தப் பாக்கெட் பானத்துக்கும் குறைந்ததல்ல. வரிசையில் காத்திருக்கும்போது உடையின் மேல்பாதியைக் கழற்றி இடுப்பில் கட்டச் சொல்லுங்கள், பிடரியில் ஐஸ் துணி வையுங்கள். பிள்ளை கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொன்னால், குளிர்கிறது என்றால், வியர்ப்பது நின்றால், அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது. உடையைக் கழற்றித் தண்ணீர் ஊற்றி, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒரு விதியைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். ஃபார்முலா ஒன் ஓட்டுநர் பெல்ட்டை அவிழ்த்து, ஸ்டீயரிங்கைக் கழற்றி, 7 விநாடிக்குள் காக்பிட்டை விட்டு வெளியே வந்தாக வேண்டும். தீப்பிடித்த கார் காத்திருக்காது. 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரோமான் குரோஜான் சுமார் 28 விநாடி தீயின் நடுவிலிருந்து தானாகவே ஏறி வெளியே வந்தார், அது முதல் சுற்று, உடம்பில் முழுத் தெம்பு இருந்தது. இந்த 7 விநாடிச் சோதனையை ஓட்டுநர் நின்ற காரில், ஓய்வெடுத்த உடம்போடு செய்து காட்டுகிறார். லுசைலில் 57-ஆம் சுற்று முடிந்ததும் ஸ்ட்ரோல் காரிலிருந்து தட்டுத்தடுமாறி இறங்கினார், நேரே ஆம்புலன்ஸை நோக்கிப் போனார். அப்போது யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.